இரண்டு புரதங்கள் செல்லுக்குள் சேர்வதைப் பிளந்த ஒளிர்புரதம் எப்படிக் காட்டுகிறது?

மஞ்சளாக ஒளிரும் ஒய்எஃப்பி புரதத்தை 154, 155-ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே பிளந்தால் எந்தத் துண்டும் தனியாக ஒளிராது. ஒரு துண்டை, உட்கருவில் ஒன்றோடொன்று சேரும் இரண்டு புரதங்களில் ஒன்றான ஃபாஸ் புரதத்தோடும் மற்றதை ஜுன் புரதத்தோடும் மரபணுவிலேயே இணைத்துவிட்டால், ஃபாஸும் ஜுனும் சேரும்போது துண்டுகளும் அருகே வந்து முழுப் புரதமாக மடிந்து, நுண்ணோக்கியில் செல்லின் உட்கரு மட்டும் மஞ்சளாகத் தெரியும். 2002-இல் ஆய்வாளர் கெர்ப்போலாவின் குழு காட்டியது இதைத்தான். சேர்கிற இடமும் உயிருள்ள செல்லிலேயே தெரிவதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனால் ஒன்று, ஒட்டிய துண்டுகள் பெரும்பாலும் மறுபடி பிரியாது, அதனால் புரதங்கள் விலகுவதை இதில் பார்க்க முடியாது. அப்புறம், புரதம் அளவுக்கு மீறி உருவானால் துண்டுகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒளி உண்மையில் புரதங்கள் சேர்வதால்தான் வருகிறதா என்று அறிய, வெறும் துண்டோடு ஒப்பிட்டு நிறுத்தாமல், ஜுனோடு பிணையும் பகுதியை நீக்கிய ஃபாஸை அதே அளவில் வைத்துப் பாருங்கள்.