வேலை போன பிறகு மனம் சோர்ந்துவிடாமல், படிப்பும் யோசனையும் விட்டுப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆள்குறைப்பில் வேலை போய்ச் சில மாதங்கள் வீட்டில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாள் முழுக்க வேலை தேடாதீர்கள். விண்ணப்பம் போடுவது, தெரிந்தவர்களிடம் விசாரிப்பது எல்லாம் மதியத்துக்குள் முடியட்டும். பதில் வருவது நம் கையில் இல்லை. மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பது ஆளையே தின்றுவிடும்.

மீதி நேரத்துக்கு, முடித்தால் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலை வேண்டும். வெறும் வாசிப்பு எனக்குப் போதவில்லை. கைகொடுத்தது தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம். நாட்டுடைமையான நூல்களை ஸ்கேன் செய்து அங்கே ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம், பக்கத்திலேயே கணினி படித்துக் கொடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கணினி துணைக்காலை ‘ர’ என்று படித்து வைத்திருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கும், அங்கே இன்னும் தடுமாறும். திருத்திச் சேமித்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. யாரோ முகம் தெரியாதவர் நான் திருத்திய பக்கத்தைப் பச்சையாக்கியதைப் பார்த்தபோது, நாம் செய்ததும் ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற நிறைவு வந்தது. சம்பளம் நின்றுபோன நாட்களில் அது பெரிய விஷயம். இதற்குப் பட்டமும் வேண்டாம், நேர்காணலும் வேண்டாம்.

வீட்டிலேயே அடைந்து கிடக்காதீர்கள். சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தால் நமக்கும் படிப்பு ஓடும். “வேலை என்னாச்சு?” என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

துறை சார்ந்து படிக்க என்பிடெல் (NPTEL) இணையதளம் போதும். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள், படிப்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். ஒரே ஒரு பாடத்தில் சேருங்கள். நாலைந்தில் சேர்ந்தால் எதுவும் முடியாது.

அப்புறம், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை மாதம் ஓடும் என்பதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்தப் பாரத்தோடு எந்தப் புத்தகமும் மண்டையில் ஏறாது.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இதெல்லாம் போதாது, மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.