வரியின் முடிவில் இரண்டு குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றை லினக்ஸ் சர்வரில் ஏற்றி ஓட்டினேன். கோப்பு கண்ணெதிரே இருக்க, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று செய்தி வந்தது. அரைநாள் தேடிய பிறகுதான் வரிமுடிவுக் குறியே காரணம் என்று புரிந்தது. விசைப்பலகை வரிசை உட்பட, தட்டச்சுக் காலத்து வழக்கங்களை இன்னும் ஏன் சுமக்கிறோம்? சோம்பல்தானே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கிரிப்டின் முதல் வரியில் அதை இயக்கும் பாஷ் நிரலின் பாதைக்குப் பின்னால், விண்டோஸ் வரிமுடிவில் இடும் இரு குறிகளில் ஒன்றான, 13 என்ற எண்ணுக்குரிய குறி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்திருக்கும். லினக்ஸ் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படியொரு நிரலைத் தேடிவிட்டு, இல்லை என்றது. அந்தச் செய்தி உங்கள் கோப்பைப் பற்றியதே அல்ல.

1963இல் வந்த டெலிடைப் 33 என்ற தொலை அச்சு இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துகள் அச்சிடும். ஆனால் அச்சுமுனை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்ப ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. ஆகவே 'இடப்பக்கம் திரும்பு' என்ற 13ஐ முதலில் அனுப்பி, முனை ஓடிக்கொண்டிருக்கும்போதே 'தாளை ஒரு வரி நகர்த்து' என்ற 10ஐயும் அனுப்பினார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் 10ஐ மட்டும் வைத்துக்கொண்டது. சிபி/எம், டாஸ் என்ற பழைய இயங்குதளங்கள் வழியாக விண்டோஸுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன.

இதைச் சோம்பல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1976இல், மூலநிரல்களைத் தொகுத்து மென்பொருளாக்க உதவும் மேக் (make) என்ற நிரலை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன், கட்டளை வரிகள் டேப் குறியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி தொல்லை தரும் என்று சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆனால் அதற்குள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் எழுதிவைத்தவை பழுதாகக் கூடாது என்று விதியை அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்டது இன்று உலகம் முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. அவர் செய்தது அக்கறையான செயல் என்றே நான் கருதுகிறேன்.

மாற்றம் நடக்காமலும் இல்லை. 13ஐ மட்டும் பயன்படுத்திவந்த ஆப்பிள், 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது 10க்கு மாறியது. அங்கே முடிவெடுக்க ஒரே உரிமையாளர் இருந்தார். விண்டோஸின் நோட்பேட் 2018இல்தான் மற்ற வகைகளையும் சரியாகக் காட்டத் தொடங்கியது. மின்னஞ்சலில் அப்படி ஒருவர் மட்டும் மாற முடியாது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே பொருள் கொள்ள வேண்டும் என்பதால், மடல்களை அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை இன்றும் இரு குறிகளையும் சேர்த்தே கேட்கிறது. சில சர்வர்கள் தாராளமாக 10ஐ மட்டும் ஏற்க, மற்றவை ஏற்காமல் இருந்ததைப் பயன்படுத்தி, ஒரு மடலுக்குள் போலி மடலை ஒளித்து அனுப்ப முடியும் என்று 2023 டிசம்பரில் தெரியவந்தது. அங்கே பழைய விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

விசைப்பலகை வேறு கதை. 1936இல் காப்புரிமை பெற்ற டுவோராக் என்ற மாற்று எழுத்து வரிசைக்கு நீங்கள் இன்றே மாறலாம், யாருடைய கோப்பும் கெடாது. தடுப்பது விரல்களின் பழக்கமும், அடுத்தவர் கணினியில் உட்கார வேண்டிய நாட்களும்தான்.

உங்கள் சிக்கலுக்கு: கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில், உங்கள் களஞ்சியத்தின் கிட்ஆட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளின் வரிமுடிவு எப்போதும் 10 மட்டுமே என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதன்பின் விண்டோஸில் எடுத்தாலும் 13 ஒட்டாது.