ஹாஃபிஸின் போதகர்களும் ஹரீரியின் நாடோடியும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, போலி பக்தியைப் பற்றி எழுதும்போது அரபிக்கும் பாரசீகத்துக்கும் அப்படி என்ன வேறுபாடு?

பதில்: ஏமாற்றுகிறவன் யார் என்பதில்தான் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிகிறது. அரபியில் மகாமா என்றொரு கதை வகை உண்டு. பஸ்ராவின் ஹரீரி (1054–1122) எழுதிய ஐம்பது மகாமாக்களின் நாயகன் அபூ ஸைத் ஒரு நாடோடி, நாக்கை வைத்தே வயிறு வளர்ப்பவர். முதல் கதையில் ஏமனின் சன்ஆ நகரில் மரணத்தை நினைவூட்டிக் கூட்டத்தையே அழவைத்துக் காசு வாங்குகிறார், கதைசொல்லி பின்னாலேயே போய்க் குகைக்குள் பார்த்தால் வெள்ளை ரொட்டி, வறுத்த ஆட்டுக்குட்டி, எதிரே மதுச்சாடி! ஆனாலும் நமக்கு அவர்மேல் கோபமே வராது, அவ்வளவு அழகான பேச்சு. பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைகளில் ஏமாற்றுகிறவர் பசித்தவர் இல்லை, பள்ளிவாசலின் பிரசங்க மேடையான மிம்பரில் நிற்பவர். அங்கே ஜொலிக்கும் போதகர்கள் தனிமைக்குப் போனதும் ‘அந்த வேறு வேலையை’ச் செய்கிறார்கள் என்கிறார். என்ன வேலை என்று சொல்வதே இல்லை, அதனால்தான் அந்த வரி இன்னும் சுடுகிறது.

கேள்வி: ஹாஃபிஸுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: அவர் வாழ்ந்த ஊர் அப்படி. 1353இல் முபாரிஸுத்தீன் என்ற அரசர் ஹாஃபிஸின் ஊரான ஷீராஸைப் பிடித்து மதுக்கடைகளை மூடினார், ஊர் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரியின் பெயரான ‘முஹ்தஸிப்’ அவருக்கே பட்டப்பெயரானது. 1358இல் சொந்த மகன் ஷா ஷுஜாவே அவரைச் சிறைபிடித்துக் கண்களைக் குருடாக்கினார். குடி, உல்லாசமாக இரு, ஆனால் மற்றவர்களைப்போலக் குர்ஆனை வஞ்சக வலையாக்காதே என்று ஹாஃபிஸ் எழுதியதை இந்தப் பின்னணியோடு படித்துப் பாருங்கள்.

கேள்வி: போலி பக்தியைப் பேசும்போது வரும் நிஃபாக், ரியா என்ற சொற்கள் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. தமிழ் முஸ்லிம்கள் முன்னதை நயவஞ்சகம் என்றும் பின்னதை முகஸ்துதி என்றும் சரியாகவே பிரித்துச் சொல்கிறார்கள். நம்பாமலே நம்புவதாகக் காட்டுவது நிஃபாக். நம்புகிறவனே பிறர் பார்ப்பதற்காக வணங்கினால் அது ரியா. பாரசீகக் கவிஞர்கள் அதிகம் விரட்டியது ரியாவை. பாரசீகக் கவிஞர் ஸஅதியின் ‘குலிஸ்தான்’ நூலில் (1258) ஒரு துறவி அரசன் முன்னால் கொஞ்சமாகச் சாப்பிட்டு, நீளமாகத் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு கேட்பார். அப்படியானால் தொழுகையையும் திரும்பத் தொழுங்கள் என்பான் மகன்.

கேள்வி: அபூ ஸைத் கடைசிவரை தப்பித்துவிடுகிறாரா?

பதில்: ஐம்பதாவது கதையைக் கட்டாயம் படியுங்கள். பஸ்ரா பள்ளிவாசலில் தன் பாவங்களைச் சொல்லி எனக்காகப் பிரார்த்தியுங்கள் என்று கேட்கிறார், வழக்கமான தந்திரம்தான். ஆனால் அந்தப் பிரார்த்தனை பலித்து உண்மையாகவே மனம் திருந்திவிடுகிறார். கதைசொல்லி அவருடைய சொந்த ஊரான ஸரூஜுக்குத் தேடிப் போகும்போது அவர் தொழுகையில் இருக்கிறார். விடைபெறும்போது ஓர் அறிவுரை கேட்டதற்கு, மரணத்தைக் கண்முன் வைத்துக்கொள் என்கிறார். சன்ஆவில் காசுக்காகச் சொன்ன அதே விஷயம்.