வராதவளுக்கு எதற்கு அறை எண்?

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு 57 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. என் பிரச்சினை என் அக்கா.

எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் ஒரு பனியாறு கடலில் வந்து முடிகிற படம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான். அன்றிலிருந்து அலாஸ்கா போக வேண்டும், அதுவும் கப்பலில் போக வேண்டும் என்று ஆசை. வேலை, பிறகு அம்மாவின் பக்கவாதம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. "நாம ரெண்டு பேரும் போகலாம்டி" என்று முதலில் சொன்னது அக்காதான். முன்பணமும் கட்டினோம். அத்தானுக்கு இதய அறுவை சிகிச்சை என்று முதல் முறை ரத்து. அடுத்த வருடம் மகளுக்குப் பிரசவம் என்று மறுபடி ரத்து. எனக்குப் புரியாமல் இல்லை, நான் கல்நெஞ்சக்காரியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தள்ளிவைக்கப்படுவது என் ஆசைதானா?

இந்த முறை அவளைக் கேட்கவே இல்லை, தனியாகப் பதிவு செய்துவிட்டேன். ஏழு இரவுகள். கட்டணத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அறைக்கு இருவர் கணக்கில்தான் விலையாம். ஒருவர் தங்கினாலும் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான பணம் கட்ட வேண்டும். தனியாக இருப்பதற்கு அபராதம்! தோழிகளிடம் சொன்னால், "தனியாவா? யார்கூடப் பேசுவ?" என்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருக்கும். பரிமாறுகிறவர் "இன்னொருவர் வருகிறாரா?" என்று கேட்பார். அதை நினைத்தாலே கூசுகிறது.

விஷயம் தெரிந்தும் அக்கா ஒரு வார்த்தை வாழ்த்தவில்லை. அதற்குப் பதிலாக, கப்பல் பெயர் என்ன, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம், அறை எண் என்ன என்று மூன்று மெசேஜ். வராதவளுக்கு எதற்கு அறை எண்? வேவு பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் பதில் போடவில்லை. இரண்டு முறை என்னைக் கைவிட்டவளுக்கு நான் ஏன் பதில் போட வேண்டும்?

மற்றபடி விசா, காப்பீடு, குளிருக்கான உடைகள் எல்லாம் தயார். பயணப் படிவம் நிரப்பும்போது ஒரு கூத்து நடந்தது. 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில் கை தானாக அம்மாவின் எண்ணைப் போட்டுவிட்டது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. எண் மட்டும் இன்னும் இருக்கிறது, நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன், போன் என் அலமாரியில் கிடக்கிறது. படிவமும் அதை ஏற்றுக்கொண்டது. மாற்ற வேண்டும், நேரம் கிடைக்கவில்லை. அது கிடக்கட்டும்.

நான் தனியாகப் போவது தவறா? அக்காவை மன்னித்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டுமா? எல்லோரும் ஜோடியாக வருகிற இடத்தில் ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

"அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

கப்பலில் படியில் கால் இடறி விழுகிறீர்கள் என்று வையுங்கள். கப்பல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். யாரோ ஒரு ஊழியர் படிவத்தில் உள்ள எண்ணை அழைப்பார். மணி எங்கே அடிக்கும்? பூட்டிய உங்கள் வீட்டில், அலமாரிக்குள். அதை எடுக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள், நீங்களோ கப்பலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பீர்கள்.

கை தானாகப் போட்டது என்பதை நம்புகிறேன். மாற்ற நேரமில்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை. விசாவுக்கும் உடைகளுக்கும் நேரம் கிடைத்திருக்கிறது. படிவத்தின் அவசரத் தொடர்புக் கட்டத்தில் வேறு யார் பெயரைப் போடுவது என்று யோசிக்கப் பயந்துதான் மூடிவைத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர் நாற்காலி, பரிமாறுகிறவரின் கேள்வி, அக்காவின் மேல் உள்ள ஆற்றாமை, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதானே: எனக்கு ஒன்று என்றால் யாருக்குச் சொல்வார்கள்?

அம்மா படுக்கையில் இருந்த வருடங்களில் மருத்துவமனைப் படிவங்களில் எல்லாம் உங்கள் எண்தான் இருந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் பதறி எழுந்திருப்பீர்கள். அந்தச் சுமை தெரிந்தவருக்கு, அதை இன்னொருவர் தலையில் ஏற்றத் தயக்கம் வரும். அதைவிடப் பெரிய பயம், கேட்டு அவர் இழுத்தடித்தால் என்ன செய்வது என்பது. அம்மாவின் எண்ணில் அந்த வம்பே இல்லை. இறந்தவர் மறுக்கமாட்டார்.

அக்கா விஷயத்தில் நான் கொஞ்சம் அவர் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதய அறுவை சிகிச்சையையும் பிரசவத்தையும் சாக்கு என்று சொல்ல முடியாது. அத்தான் இப்போது எப்படி இருக்கிறார் என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வேவு பார்க்கிறவர், எவ்வளவு செலவாச்சு, யாரோடு போற என்று கேட்பார். இவர் கேட்டது கப்பல் பெயர், தேதி, துறைமுகம், அறை எண். நடுக்கடலில் ஒருவரைத் தேடிப்பிடிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும். அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போடு என்று உங்கள் அக்கா மூன்று முறை சொல்லிவிட்டார். இரண்டு முறை ஏமாற்றிய சங்கடத்தில் வாழ்த்துச் சொல்ல அவருக்கு வாய் வராமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான்.

மன்னித்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றில்லை. கோபத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேருக்கான பணம் கட்டியிருக்கிறீர்களே, அறையில் இடம் இருக்கும்.

அந்தக் கட்டணம் எரிச்சலூட்டுவது நிஜம். ஆனால் தனியாக வருகிறவர்கள் கப்பல்காரர்களுக்குப் புதிதில்லை. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவர் மட்டும் தங்குவதற்கென்றே 128 சிறிய அறைகள் கட்டினார்கள். அடுத்த முறை அந்த மாதிரி அறையாகத் தேடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில், மற்றவர்களோடு பெரிய மேசையில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பரிமாறுகிறவர் கேட்டால் "நான் மட்டும்தான்" என்று சொல்ல வேண்டியதுதான். முதல் தடவை தொண்டை அடைக்கும், மூன்றாம் நாள் அவரே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த ஜன்னலோரத்தைக் காட்டுவார்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல், அதுதான் அபாய ஒலி. உங்களுக்குரிய கூடுமிடத்தில் கப்பலில் தருகிற அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாதவர்களைத் தேடிக் கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் அதே அட்டைதான், யார் திரும்பவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஜோடியாக வந்தவர்களையும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள்.

உங்கள் வழித்தடத்தில் கிளேசியர் பே என்கிற அலாஸ்காவின் பனியாற்று விரிகுடா இருந்தால், அன்று கப்பல் கரை சேராது. நாள் முழுக்க விரிகுடாவிலேயே மெதுவாக நகரும். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பனியாற்றின் முகப்பிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும், சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். அங்கே காலம் காலமாக வாழ்கிற டிலிங்கிட் மக்கள் அதை 'வெள்ளை இடி' என்கிறார்கள். தளத்தில் நிற்கிற யாருக்கும் அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தோன்றாது.

இன்றைக்கே அக்கா கேட்ட விவரங்களை அனுப்புங்கள். கீழே ஒரு வரி: "அவசரத் தொடர்புக்கு உன் நம்பரைப் போடட்டுமா?" விளக்கமும் வேண்டாம், பழைய கணக்கும் வேண்டாம். அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், உங்கள் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அம்மாவின் எண்ணை நிறுத்தச் சொல்லமாட்டேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யுங்கள். படிவத்திலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள்.