'லாக் இன்' என்பதில் வரும் 'லாக்' மரக்கட்டையா? இணையத்தில் எழுதும் 'பிளாக்' (blog) என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததா?

இரண்டுக்கும் ஆமாம்தான். கணக்குப் பாடத்து லாக் டேபிளோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது லாகரிதம், கணித அறிஞர் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கோத்துச் செய்த பெயர். இந்த லாக் வேறு.

பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய மாலுமிகள் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் வீசுவார்கள். 1574-இல் வில்லியம் போர்ன் எழுதிய நூலிலேயே இந்த முறை இருக்கிறது. பிற்பாடு கட்டை போய்க் கால்வட்டப் பலகை வந்தது. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் அது தண்ணீரில் நிமிர்ந்து, விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும். கப்பல் போகப் போகக் கயிறு அவிழும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் கை வழியே எத்தனை முடிச்சு நழுவியதோ, அத்தனை 'நாட்' வேகம். பெருக்கிப் பாருங்கள், மணிக்கு ஒரு கடல் மைல் என்ற கணக்கு அழகாகப் பொருந்தும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த வேகத்தைக் குறித்துவைத்த ஏடு 'லாக் புக்'. காலப்போக்கில் எந்தப் பதிவேடும் லாக், பதிவு செய்வதும் லாக் என்றாகிவிட்டது.

1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் கோர்பட்டோவின் குழுவினர் சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். அப்படியானால் யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்ற கணக்கு வேண்டுமே? ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல, அதில் நுழைய 'லாகின்', வெளியேற 'லாகவுட்' என்ற கட்டளைகள் இருந்தன.

பிளாக் கதை சிறியது. 1997 டிசம்பரில் ஜார்ன் பார்கர் தன் இணையக் குறிப்புகளை 'வெப்லாக்' என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை வேண்டுமென்றே தப்பாகப் பிரித்து 'வீ பிளாக்' என்று விளையாட்டாக எழுதப்போக, வெட்டுப்பட்ட பாதி மட்டும் கொச்சைச் சொல்லாக ஓடத் தொடங்கியது. 2004-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நம்மவர்கள் அதை வலைப்பூ ஆக்கிக்கொண்டார்கள்.

எழுதும்போது ஒன்று: வினையாக வந்தால் ஆங்கிலத்தில் 'லாக்', 'இன்' இரண்டும் தனித்தனி, ஒட்டி எழுதினால் பெயர்ச்சொல். இறந்த காலம் 'லாக்டு இன்'. அலுவலக மெயில்களில் உலவும் 'லாகின்டு' எந்த அகராதியிலும் சேராது.