ஹாஸ்டல் சுவரில் எது நிற்கும், எது விழும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போட்டோக்களை செலோ டேப் போட்டு ஒட்டினால் விடிவதற்குள் பாதி கட்டிலில் விழுந்து கிடக்கின்றன. விலை கூடிய டேப் வாங்கியும் அதே கதைதான். எந்த டேப் நிற்கும்?
– முதலாண்டு மாணவி, சென்னை

டேப்பில் குற்றமில்லை. சுவர் என்ன சுவர் என்று பாருங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி அப்பினால் அது சுண்ணாம்புச் சுவர். பொடி அதிகம் இல்லை, ஆனால் ஈர விரலால் தேய்த்தால் நிறம் கரைந்து வருகிறது என்றால் டிஸ்டெம்பர். ஈரத்துக்கும் அசையவில்லை என்றால் எமல்ஷன். பல ஹாஸ்டல்களில் தரையிலிருந்து நாலடி உயரம் வரை பளபளவென்று எனாமல் பெயிண்ட், அதற்கு மேல் மலிவான டிஸ்டெம்பர் என்று அடித்து வைத்திருப்பார்கள். கீழே நிற்கும் டேப் மேலே நிற்காததற்கு அதுதான் காரணம்.

சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் டேப் பிடிப்பது சுவரை அல்ல, மேலே இருக்கும் பொடியை. மின்விசிறிக் காற்றில் போட்டோவின் ஓரம் படபடக்கப் படபடக்கப் பொடி உதிர்கிறது, டேப்பும் உரிகிறது. இன்னும் கெட்டியான டேப் போட்டால் சுவரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும், அவ்வளவுதான்.

எனாமல் பகுதியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு எந்த டேப்பும் ஒட்டலாம். எமல்ஷன் சுவரில் முதலில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு, அதன் முதுகில் டபுள் சைடு டேப், அதன் மேல் போட்டோ என்று ஒட்டுங்கள். கழற்றும்போது மாஸ்கிங் டேப்போடு எல்லாம் வந்துவிடும், பெயிண்ட் தப்பிக்கும். மாஸ்கிங் டேப்பையும் மாதக்கணக்கில் விட்டால் காய்ந்து சுவரோடு இறுகிவிடும், ஆகவே அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். விடுமுறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த அறை என்றால் ஒரு வாரமாவது எதையும் ஒட்டாமல் இருப்பது நல்லது.

சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவர்களில் ஒட்டும் யோசனையையே விட்டுவிட்டுத் தொங்கவிடுங்கள். ஜன்னல் கம்பியும், உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் துணிக்கொடி கட்ட அடித்த ஆணியும் பெரும்பாலான அறைகளில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சணல் கயிறு கட்டி, மரக் கிளிப்பில் போட்டோக்களை மாட்டலாம். 4×6 அங்குலப் போட்டோவை நெட்டாக மாட்டி இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால் 10 அடிக் கயிற்றில் 20 போட்டோ பிடிக்கும். காற்றில் சுழலாமல் இருக்க, ஐந்தரை அங்குலம் கீழே இன்னொரு கயிறு கட்டி அடி ஓரத்தையும் கிளிப் போடுங்கள். ஒயர் பைப், ட்யூப்லைட் பட்டி, மின்விசிறிக் கொக்கி இவற்றில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

கேள்வி: கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்க எண்ணெய்க் கறை. போதாததற்கு யாரோ பேனாவால் கணக்கு வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்களே சுண்ணாம்பு வாங்கி அடித்துவிடலாமா?
– இரண்டாமாண்டு மாணவர்கள் இருவர், திருச்சி

வார்டன் ஒப்புக்கொண்டாலும் வேண்டாம். பால்பாயின்ட், ஸ்கெட்ச் பேனா மையின் மேல் எத்தனை பூச்சு அடித்தாலும் மை கசிந்து மேலே வரும்; ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காமல் அடங்காது. எண்ணெய் ஊறிய இடத்தில் பூச்சே பிடிக்காமல் செதில் செதிலாக உரியும். மறைப்பதுதான் மலிவு. அதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி கோரைப் பாய். மூன்றுக்கு ஆறடி சாதாரணப் பாய் கட்டிலின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்ததுபோல் இருக்கும். பத்தமடைப் பட்டுப்பாயை இதற்கு வாங்காதீர்கள், அந்தக் கைவேலை தலை சாய்த்துத் தேய்ப்பதற்கல்ல. பாயைச் சுவரோரம் படுக்கைவாட்டில் பிடித்தால் கோரைத் தண்டுகள் செங்குத்தாக நிற்கும். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் மேல் ஓரம் தொய்ந்து தொங்கும். ஆகவே மேலே ஒரு தாங்கல் வேண்டும். ஒயரிங் வேலைக்குப் போடும் முக்கால் அங்குல பிவிசி பைப்பை ஆறேகால் அடிக்கு அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோணி ஊசியில் சணல் கோர்த்து, ஓர் அடிக்கு ஒரு கட்டு வீதம் பாயைப் பைப்போடு தைத்துவிடுங்கள். கட்டிலில் கொசுவலைக் கம்பிகள் இருந்தால் பைப்பின் இரு முனையையும் அவற்றிலேயே கட்டலாம். சுவரைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, அம்மாவின் பழைய நூல் புடவை. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் ஒன்பது அடி. ஆறேகால் அடிக்கு அதைச் சுருக்கினால் மெல்லிய அலை விழுந்து பார்க்க நன்றாக இருக்கும். அகலம் ஏறக்குறைய நாலடி, அது அப்படியே உயரமாகிவிடும். மேல் கரைகள் இரண்டையும் சேர்த்து இரண்டு அங்குலம் மடித்துத் தைத்து, அந்தக் குழலுக்குள் பைப்பை நுழையுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர் என்றால் பாயைவிடப் புடவையே மேல்: மாதம் ஒருமுறை துவைத்துப் போடலாம், பாயில் ஏறிய எண்ணெய் போகாது. நைலக்ஸ், பாலியெஸ்டர் வேண்டாம். தூசியை இழுக்கும், தீப்பட்டால் உருகி ஒட்டும். ப்ளக் பாயின்ட்டுக்கும் கொசுவிரட்டி மெஷினுக்கும் ஓர் அடியாவது தள்ளியே துணி முடியட்டும்.

ஒரு எச்சரிக்கை. அறையில் மூட்டைப்பூச்சி இருந்தால் இரண்டுமே கூடாது. பாயின் பின்னல், துணியின் மடிப்பு, போஸ்டரின் முதுகு எல்லாம் அதற்குக் குடியிருப்பு. முதலில் மெத்தையை வெயிலில் போடுங்கள், மருந்தடிக்கச் சொல்லுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். அலங்காரம் அதற்குப் பிறகு. பல்லி வந்தால் விட்டுவிடுங்கள், அது உங்கள் பக்கம்தான்.

கேள்வி: மகள் விடுதியில் சேர்கிறாள். அறையை அழகுபடுத்த 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். போதுமா?
– ஒரு தந்தை, ஈரோடு

தாராளம். சணல் கயிறு ஓர் உருண்டை, மரக் கிளிப் 20, ஓர் அங்குல மாஸ்கிங் டேப் ஒன்று, கோணி ஊசி ஒன்று. இவை பாதிப் பணத்துக்குள் முடியும். புடவை வீட்டிலிருந்தே போகட்டும்.

பணம் கரைவது போட்டோ பிரிண்ட்டில்தான். 4×6 அங்குலத் தாளில் 2×3 அங்குலப் படங்கள் நான்கு சரியாக உட்காரும். போனிலேயே நாலு நாலாக அடுக்கி ஒரே படமாக்கிக் கொடுத்தால் ஐந்து பிரிண்ட்டில் 20 படம் கிடைக்கும். ஸ்டுடியோவில் ‘ஓரத்தில் வெள்ளை விடாமல்’ என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது அளவு பிசகும். சேர்ந்த அன்றே வெறும் சுவரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய ஓட்டைகளுக்கெல்லாம் டெபாசிட்டில் பிடித்துவிட்டால் அதுதான் சாட்சி.

கேள்வி: ஒரு சுவரை நிரப்பும் பெரிய படம் வேண்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா?
– பொறியியல் மாணவர், கோவை

ஃப்ளெக்ஸ் நாறும், பளபளக்கும், கல்யாண வரவேற்புப் பலகைபோல் இருக்கும். ஏ4 தாளே போதும். குறுக்கே நாலு, நெடுக்கே நாலு என 16 தாள் சேர்ந்தால் ஏ0 அளவு: 84 சென்டிமீட்டர் அகலம், 119 உயரம். அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் ‘போஸ்டர்’ என்று இருக்கிறது, அது படத்தைத் தானே துண்டு போட்டுத் தரும். பிரிண்டர் நாலு ஓரமும் சுமார் அரை சென்டிமீட்டர் வெள்ளை விடும். எல்லா ஓரத்தையும் வெட்டாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டி, அடுத்த தாளின் வெள்ளையின் மேல் ஏற்றி ஒட்டுங்கள். தரையில் குப்புறப் போட்டு முதுகில் மாஸ்கிங் டேப் போட்டால் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மெல்லிய ரீப்பர் மரப்பட்டை ஒட்டிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கீழ்ப்பட்டையின் கனத்தில் படம் சுருளாது.

ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் போன் படம் ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடும். ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போனால் சுருங்கிவிடும், கடைக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கருப்பு வெள்ளையில் எடுப்பதாக இருந்தால் வெளுப்பு அதிகமுள்ள படமாகத் தேர்ந்தெடுங்கள். முழுக் கருப்பு ஜெராக்ஸில் கோடு கோடாக விழும், மடித்த இடத்தில் உதிரும். உங்கள் கல்லூரிப் பக்கம் கட்டட வரைபடங்களுக்குப் பிளான் பிரிண்ட் எடுக்கும் கடை இருந்தால் ஒட்டு வேலையே இல்லை, ஒரே தாளாக வாங்கிவிடலாம்.

கேள்வி: மேல் மாடி அறை. மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூக்கிறது. வால்பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாமா?
– மாணவி, நாகர்கோவில்

கூடாது. பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பின்னால் கரும்பூஞ்சை படர்ந்து, தானாக உரிந்து விழும்போது பூச்சையும் கொண்டுவரும். மைதாப் பசை போட்டு ஒட்டினால் கரப்பானுக்கு விருந்து. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் தொட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். அந்தச் சுவரைக் காலியாக விட்டு எதிர்ச் சுவரை அலங்கரியுங்கள். ஒழுகலை எழுத்தில் புகார் செய்யுங்கள், தளத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டியது நிர்வாகம்.

கேள்வி: சீரியல் லைட் போட வார்டன் மறுக்கிறார். ஏன்?
– மாணவர், மதுரை

திருவிழா சீரியல் செட் நேராக 230 வோல்ட்டில் ஓடுவது. ஒயர் மெல்லியது, இணைப்புகள் பல இடத்தில் திறந்தே இருக்கும், நீங்கள் கட்டப்போவது இரும்புக் கட்டிலில். வார்டன் சொல்வது சரி. 5 வோல்ட் யூஎஸ்பி எல்இடி சரம் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பவர் பேங்க்கில் மாட்டினால் சில நிமிடத்தில் அணைந்துவிடலாம். சரம் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சார்ஜ் முடிந்துவிட்டதென்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. சரத்தில் பழுதில்லை, போன் சார்ஜரில் மாட்டுங்கள்.

கேள்வி: அறையைக் காலி செய்ய ஒரு வாரம்தான் இருக்கிறது. ஃபோம் டபுள் சைடு டேப்பை உரித்தால், பெயிண்ட்டுக்கு அடியில் பூசிய பட்டியோடு வருகிறது!
– இறுதியாண்டு மாணவி, வேலூர்

இழுப்பதை நிறுத்துங்கள். ஹேர் ட்ரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பையோ உறுதியான தையல் நூலையோ டேப்புக்கும் சுவருக்கும் நடுவே விட்டு ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுங்கள். மிச்சப் பிசினை விரலால் உருட்டி எடுக்கலாம். எனாமல் என்றால் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். எமல்ஷன், டிஸ்டெம்பரில் எண்ணெயே படக் கூடாது, கறை நின்றுவிடும். பென்சில் ரப்பரால் தேயுங்கள்.

பட்டி ஏற்கெனவே பெயர்ந்த இடத்துக்கு ஒரு கிலோ வால் பட்டி பாக்கெட் போதும், மிச்சமே ஆகும். மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்குக்குச் சற்று கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். பள்ளத்தை ஈரத்துணியால் ஒற்றி, பழைய ஏடிஎம் கார்டால் மெல்லிசாக வழித்து, ஒருநாள் காயவிட்டு இன்னொரு பூச்சு, பிறகு நைசான உப்புத்தாள். பற்பசையை வைத்து அடைக்கச் சொல்வார்கள். அது காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும், சாவி ஒப்படைக்கும் நாளில் வார்டன் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.