யுனிவர்சிட்டி ஹால்ல கண்காட்சி வைக்கப் போறீங்களா, முதல்ல லைட்டைப் பாருங்க

கேள்வி அனுப்பினவங்க ஒரு யுனிவர்சிட்டியில வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர். மே 18 சர்வதேச அருங்காட்சியக தினத்தை ஒட்டி செமினார் ஹால்ல ஒரு வாரம் கண்காட்சி வைக்கணும்னு துறையில முடிவு பண்ணிட்டாங்க. கையில இருக்கறது துறையோட ஓலைச்சுவடிக் கட்டுகள், பழைய மாணவர் ஒருத்தர் வீட்டுலேர்ந்து கடன் வாங்கற வாட்டர்கலர் ஓவியங்கள், நூறு வருஷத்துக்கு மேல ஆன ஒரு போட்டோ ஆல்பம். "மியூசியம் தரத்துல வைக்கணும், ஆனா அந்த பட்ஜெட் இல்ல, எதுலேர்ந்து ஆரம்பிக்கறது, ஸ்டூடன்ட்ஸை எந்த வேலைக்கு விடலாம்?"னு கேட்டிருக்காங்க.

மேடம், லைட்டுலேர்ந்து ஆரம்பிங்க. பேனர், கேட்டலாக், சீஃப் கெஸ்ட் எல்லாம் அப்புறம். டியூப்லைட் எல்லாத்தையும் போட்டா ஒரு சாதாரண செமினார் ஹால்ல 300லேர்ந்து 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) வரும், ஜன்னல் ஓரம்னா ஆயிரக்கணக்குல போகும், ஆனா வாட்டர்கலர், பழைய போட்டோ, காகிதம், துணி இதுக்கெல்லாம் மியூசியங்கள் பொதுவா வச்சிருக்கற அளவு 50 லக்ஸ்தான், எண்ணெய் ஓவியம்னா 200 வரைக்கும் போகலாம். வெளுத்துப்போன வாட்டர்கலர் நிறத்தை எந்த லேப்லயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதோட ஒளியால வர்ற சேதம் சேர்ந்துக்கிட்டே போகும், ராத்திரி லைட்டை அணைச்சா குறையாது, பெட்டியில வச்சா ஆறிடாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 7 நாள், 50 லக்ஸ்னு வச்சா மொத்தம் 2,800 லக்ஸ் மணி. அதையே 500 லக்ஸ்ல வச்சா 28,000, அதாவது நீங்க ஒரு வாரத்துல செலவழிக்கறது எழுபது நாள் கண்காட்சிக்கான ஒளி. கடன் கொடுத்தவங்க கிட்ட இதை சொல்லிட்டு வாங்கிப் பாருங்க, கொடுப்பாங்களான்னு தெரியும்!

லக்ஸ் மீட்டர் ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்லயோ எலெக்ட்ரிகல்லயோ இருக்கும், கேட்டு வாங்குங்க, மொபைல் ஆப் தோராயமாத்தான் காட்டும். மீட்டரை ஓவியத்தோட முகத்துக்கிட்ட, லைட்டைப் பார்த்த மாதிரி வச்சு அளக்கணும், ரூம் நடுவுல நின்னு அளந்தா பிரயோஜனம் இல்ல. ஜன்னலுக்கு கெட்டியான கறுப்புத் துணி, டியூபை அணைச்சுட்டு டிம் பண்ற மாதிரி வார்ம் எல்இடி, இவ்வளவு போதும், நிறத்தைக் கெடுக்கற யூவி, அதாவது புற ஊதாக் கதிர், எல்இடில ரொம்பக் கம்மி. மே மாச வெயில்லேர்ந்து உள்ள வர்றவங்களுக்கு 50 லக்ஸ் இருட்டா தெரியும், "ஏங்க லைட் போடலையா"ன்னு கேப்பாங்க. அதனால வாசல் பக்கம் அறிமுகப் பலகையை நல்ல வெளிச்சத்துல வச்சு, அங்க ரெண்டு நிமிஷம் நிக்க வச்சு, அப்புறம் உள்ள விடுங்க, கண்ணு பழகிடும். சுவரும் பளீர் வெள்ளையா இல்லாம இருந்தா அதே 50 லக்ஸ் தாராளமா தெரியும்.

அடுத்தது பொருளைக் குறைங்க. எல்லா சுவடிக்கட்டையும் வைக்கணும்னு யாரும் சொல்லல, நல்லா தேர்ந்தெடுத்த ஆறு போதும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கணும். ஆல்பத்துல ஒரு பக்கத்தைத்தான் திறந்து வைக்க முடியும், மத்த பக்கங்களை ஸ்கேன் பண்ணி பிரிண்ட் எடுத்து சுவத்துல மாட்டுங்க, லேபிள்ல 'நகல்'னு தெளிவா போட்டுடுங்க, அதுல எந்த கௌரவக் குறைச்சலும் இல்ல.

சுவடி விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். அழகா இருக்குன்னு விசிறி மாதிரி விரிச்சு வைக்கறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், காய்ஞ்ச ஓலை துளை இருக்கற இடத்துல கீறும், ஓரம் உடையும். மூணு நாலு ஏட்டை மட்டும் எடுத்து, லேசா சாய்ஞ்ச தாங்கு அட்டை மேல முழு நீளத்துக்கும் ஆதாரம் இருக்கற மாதிரி வைங்க. எழுத்து தெரியலன்னு கடைசி நாள்ல புல்தைல எண்ணெயும் கரியும் தேய்க்கறது பழைய வழக்கம்தான், ஆனா அதை கண்காட்சி அவசரத்துல செய்யக்கூடாது, அனுபவப்பட்ட கன்சர்வேட்டர், அதாவது பழைய பொருளைப் பாதுகாக்கற நிபுணர், பார்த்து முடிவு பண்ணணும். எழும்பூர் மியூசியத்துல வேதியியல் பாதுகாப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, தஞ்சாவூர் பக்கம்னா சரஸ்வதி மகால் நூலகம், தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறை. துறைத்தலைவர் மூலமா முறையா லெட்டர் போட்டு ஆலோசனை கேளுங்க.

ஷோகேஸ் புதுசா பிளைவுட்ல அடிக்காதீங்க, புது பிளைவுட்டும் புது பெயின்ட்டும் விடற ஆவி காகிதத்துக்கு ஆகாது. லைப்ரரில கண்ணாடி போட்ட ஸ்டீல் பீரோ இருந்தா அதுவே மேல். பகல்ல ஏசியை 18ல வச்சுட்டு சாயந்திரம் ஆஃப் பண்ணிட்டுப் போறதும் தப்பு, ஈரப்பதம் ஏறி இறங்கறதுல ஓலையும் காகிதமும் விரிஞ்சு சுருங்கும், அதுக்கு ஏசியே இல்லாம நிழலான ஹால் எவ்வளவோ பரவாயில்ல. செல்லோடேப், ஃபெவிகால், டபுள் சைட் டேப் இதெல்லாம் ஒரிஜினல் மேல படவே கூடாது, போட்டோ கார்னர் வச்சு அமிலமில்லாத அட்டையில பொருத்துங்க, ஃப்ரேம் கண்ணாடி ஓவியத்தைத் தொடாம நடுவுல மவுன்ட், அதாவது இடைவெளி விடற அட்டைச் சட்டம், இருக்கணும். ஓவியத்தோட நடுப்பகுதி தரையிலேர்ந்து 145லேர்ந்து 150 சென்டிமீட்டர்ல வந்தா பெரும்பாலானவங்களுக்கு கழுத்து வலிக்காது. லேபிள்ல ஐம்பது அறுபது வார்த்தைக்கு மேல எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, எழுத்து சின்னதா இருந்தாலும் அந்த மங்கின வெளிச்சத்துல படிக்க முடியாது.

திறப்பு விழா பத்தி யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா நான் பார்த்த வரைக்கும் நிறைய சேதம் அந்த ஒரு மணி நேரத்துலதான் நடக்குது. குத்துவிளக்கை ஹாலுக்கு வெளியில ஏத்துங்க, எண்ணெய்ப் புகை உள்ள வரக்கூடாது. மாலை, பொக்கே, பூ அலங்காரம் எல்லாம் பூச்சியைக் கூட்டிட்டு வரும், அதுவும் வெளியிலயே. டீ, சமோசா அடுத்த பில்டிங்ல. வீடியோக்காரர் பிடிக்கற ஃபோகஸ் லைட்டை வாட்டர்கலர் பக்கம் திருப்ப விடாதீங்க, வி.சி. வந்தாலும் சரி.

ஸ்டூடன்ட்ஸை தாராளமா விடுங்க, அவங்களுக்குத்தான் இது. கல்கத்தா யுனிவர்சிட்டில அசுதோஷ் மியூசியம் 1937லயே வந்துடுச்சு, பரோடா எம்.எஸ். யுனிவர்சிட்டில 1952லேர்ந்து மியூசியாலஜி, அதாவது அருங்காட்சியகவியலுக்குன்னு தனித் துறையே நடக்குது, பொருளைக் கையில எடுத்துப் பழகாம இந்தப் படிப்பு வராதுங்கறதால. அவங்களுக்கு முதல் வேலையா கண்டிஷன் ரிப்போர்ட் எழுதச் சொல்லுங்க: ஒவ்வொரு பொருளையும் முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து, எங்க கிழிசல், எங்க பூச்சி ஓட்டை, எங்க கறைன்னு குறிச்சு, கொடுத்தவர் கையெழுத்தோட வாங்கணும். பொருளுக்குப் பக்கத்துல உட்கார்ந்து எழுத பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. ஓலையைத் தொட காட்டன் கிளவுஸ் வேண்டாம், உடைஞ்ச ஓரத்துல நூல் மாட்டும், கழுவித் துடைச்ச வெறும் கை போதும். போட்டோவுக்கு மட்டும் நைட்ரைல் கிளவுஸ்.

சட்டம் ரெண்டு வரியில சொல்லிடறேன். 1972 தொல்பொருள் சட்டப்படி பொதுவா நூறு வருஷம் ஆன கலைப்பொருளும், 75 வருஷம் ஆன மதிப்புள்ள சுவடி, ஆவணங்களும் தொல்பொருள் கணக்குல வரும், அதுல படம் வரைஞ்ச சுவடி, பழைய ஓவியம் மாதிரி சில வகையை தனியார் வச்சிருந்தா தொல்லியல் துறையில பதிவு பண்ணியிருக்கணும், கடன் வாங்கறப்பவே கேட்டுடுங்க. வாட்டர்கலர் வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் ஆகலன்னா போஸ்டர்ல, கேட்டலாக்ல அச்சடிக்க காப்பிரைட் வச்சிருக்கற வாரிசுகள்கிட்ட தனியா எழுத்துல அனுமதி வேணும், ஓவியம் கையில வச்சிருக்கறவர் சரின்னு சொன்னா மட்டும் பத்தாது.

கடைசி நாள் எல்லாரும் களைச்சுப் போய் அவசரமா கழட்டுவாங்க, அதுக்கு மறுநாள் ஒரு முழு நாள் ஒதுக்குங்க. அதே கண்டிஷன் ரிப்போர்ட்டை கையில வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டு, கொடுத்தவங்க முன்னாடியே பார்சலைத் திறந்து காட்டி, திருப்பிக் கொடுத்த கையெழுத்து வாங்கிட்டு ஃபைலை மூடுங்க.